வாடகையும் மானியும்
குடியிருப்பில் ஒளி, நீர் ஆகியவற்றின் மீதான அதிகாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

வாடகைச் சட்டங்களின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் வாடகைத் தொகையின் வரலாறாகவும் வெளியேற்றத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. வீட்டுடைமையாளர் எவ்வளவு தொகையை அறவிடலாம், எந்நிலையில் குடியிருப்போரை வெளியேற்றலாம் என்னும் இரு வினாக்களைச் சுற்றியே ஆய்வாளரின் கவனம் குவிந்துள்ளது. ஆயின், வாடகைக்குக் குடியிருப்போர் பெறுவது நான்கு சுவர்களும் கூரையும் மாத்திரமல்ல. குடிப்பதற்கு நீரும், இரவில் ஒளியும், சமைப்பதற்கு எரிபொருளும் கிட்டாதவிடத்து அச்சுவர்கள் குடியிருப்பாக மாட்டா. இவற்றைத் தருவதும் மறுப்பதும் யாருடைய கையில் இருந்தன? அவற்றுக்கான கட்டணத்தை யார், யாரிடமிருந்து, எந்த அளவுகோலைக் கொண்டு அறவிட்டனர்? இவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

இவ்வாய்வுக்குப் பிரித்தானியாவின் அனுபவத்தை முதன்மையாகக் கொள்கின்றோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக வாடகைக் குடியிருப்பில் வாழும் பெருந்தொகையான தொழிலாளர் வர்க்கம் அங்குதான் முதலில் தோன்றியது. அவ்வாறே, எமது நாட்டின் வாடகைச் சட்டமும் மின்சார நிர்வாகமும் குடியேற்ற ஆட்சியின் வழியாக வந்தவையாதலின், அவற்றின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கும் அவ்வரலாறு இன்றியமையாதது. வாடகைத் தொகையைச் சட்டம் கட்டுப்படுத்தியபோதெல்லாம், நீரும் ஒளியும் கட்டுப்பாட்டுக்கு உட்படாத இரண்டாவது வாடகையாக மாறும் நிலை உருவாயிற்று என்பதும், அவ்விரண்டாவது வாடகையைப் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொணராத வாடகைச் சட்டம் அரைச் சட்டமே என்பதும் எமது முடிவுகளாகும்.

2

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இலண்டன் மாநகரின் நீர்வழங்கல் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் எட்டுக் கம்பனிகள் நகரைத் தமக்குள் பங்கிட்டுக் கொண்டிருந்தன. தொழிலாளர் வாழ்ந்த ஒடுங்கிய முற்றங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் இருந்தது. அதிலும் நாளொன்றுக்குச் சில மணிநேரமே நீர் வந்தது. 1842ஆம் ஆண்டு வெளியான எட்வின் சாட்விக்கின் சுகாதார அறிக்கையும், 1854ஆம் ஆண்டு புரோட் வீதிக் குழாய்க்கும் வாந்திபேதிக்கும் இடையிலான தொடர்பை யோன் சினோ எடுத்துக்காட்டியமையும் நீர்வழங்கலைப் பொதுநலப் பிரச்சினையாக உணர்த்தின.

ஆயின், நாம் இங்கு கவனிக்க வேண்டியது நீரின் தூய்மையை மாத்திரமன்று. நீர்க்கட்டணத்தின் பாதையையும் ஆகும். தொழிலாளர் வாரவாடகைக்குக் குடியிருந்தனர், அடிக்கடி இடம்பெயர்ந்தனர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று வரியும் நீர்க்கட்டணமும் அறவிடுவது உள்ளூராட்சி அமைப்புகளுக்கும் கம்பனிகளுக்கும் செலவு மிகுந்த காரியமாக இருந்தது. ஆகவே, சிறு வீடுகளைப் பொறுத்தவரை வீட்டுடைமையாளரே அவற்றை மொத்தமாகச் செலுத்தி, வாடகையுடன் சேர்த்துக் குடியிருப்போரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவியது. கம்பனிக்குச் செலவு குறைந்தது. மொத்தமாகச் செலுத்திய வீட்டுடைமையாளருக்கோ பெரும்பாலும் கழிவு கிடைத்தது. குடியிருப்போர் தாம் எதற்கு எவ்வளவு செலுத்துகின்றனர் என்பதை அறிய வழியிருக்கவில்லை.

இவ்வேற்பாட்டின் கொடுமை வீட்டுடைமையாளர் கடமை தவறியபோது வெளிப்பட்டது. குடியிருப்போர் வாரந்தவறாது வாடகை செலுத்தியிருப்பினும், வீட்டுடைமையாளர் கம்பனிக்குச் செலுத்தாவிடின் கம்பனி குழாயை அடைத்தது. கடனாளி ஒருவர், தாகத்தில் வாடியவர் வேறொருவர். இம்முரண்பாட்டைக் களையவே 1887ஆம் ஆண்டு நீர்க் கம்பனிகளின் அதிகாரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. குடியிருப்பவரல்லாது வீட்டுடைமையாளரே நீர்க்கட்டணத்துக்குப் பொறுப்பாக உள்ள வீட்டில், அக்கட்டணம் செலுத்தப்படவில்லை என்பதற்காக நீரைத் துண்டித்தலாகாது என அது விதித்தது. உடைமையாளரின் கடனுக்குக் குடியிருப்போரைத் தண்டித்தல் தகாது என்னும் கோட்பாடு இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது. பின்னர், 1904ஆம் ஆண்டில் இலண்டனின் நீர்வழங்கல் மாநகர நீர்ச்சபை என்னும் பொது அமைப்பின் கைக்கு மாறியது.

3

நீரிலும் பார்க்க வேறுபட்ட பாதையில் ஒளி சென்றது. நிலக்கரி வாயு விளக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டன் வீதிகளை அடைந்திருந்தபோதிலும், தொழிலாளர் இல்லங்களுள் அது நுழைவதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்துக்குத் தொழில்நுட்பக் குறைபாடு காரணமன்று. சொத்துடைமை உறவே காரணமாகும். வீட்டினுள் குழாய் பதிப்பதற்கு மூலதனம் தேவை. அதனால் வாடகை உயருமென்ற உறுதி இல்லாமையால் வீட்டுடைமையாளர் அச்செலவை ஏற்கவில்லை. அடுத்த வாரம் எங்கே குடியிருப்போம் என்று அறியாத வாடகைக்குடியினர் பிறர் சுவரில் தம் பணத்தைப் பதிக்க விரும்பவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறவிடப்படும் கட்டணத்தை வாரக்கூலி பெறுவோர் செலுத்துவர் என்று கம்பனி நம்பவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டிருக்க, இல்லம் இருளிலே கிடந்தது.

இம்முடிச்சை அவிழ்த்தது ஒரு சிறு பொறி. 1887ஆம் ஆண்டு பேர்மிங்ஹாமைச் சேர்ந்த பிறவுண்ஹில் என்பவர் நாணயமிடு வாயுமானிக்கு ஆக்கவுரிமை பெற்றார். பென்னி நாணயம் ஒன்றை இட்டுக் கைபிடியைத் திருகினால் குறித்த அளவு வாயு வெளிவரும். அது முடிந்ததும் அடைப்பான் தானாகவே மூடிக்கொள்ளும். 1892ஆம் ஆண்டு தென் மாநகர வாயுக் கம்பனி இதனைத் தொழிலாளர் குடியிருப்புகளில் பெருமளவில் புகுத்தியது. குழாய், விளக்கு, அடுப்பு ஆகியவற்றைக் கம்பனியே முற்பணமின்றிப் பொருத்திக் கொடுத்தது. அச்செலவு, ஒரு பென்னிக்கு வழங்கும் வாயுவின் அளவைக் குறைப்பதன் மூலம் மீட்கப்பட்டது.

இக்கம்பனியின் தலைவராக விளங்கிய ஜோர்ஜ் லைவ்சி யார் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. 1889ஆம் ஆண்டு வில் தோண் தலைமையில் வாயுத் தொழிலாளர் சங்கம் உருவாகி எட்டு மணிநேர வேலைநாளை வென்றெடுத்தது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அச்சங்கத்தைத் தமது கம்பனியில் முறியடித்தவர் லைவ்சியே. உற்பத்திக் களத்தில் தொழிலாளரின் கூட்டு வலிமையை உடைத்த அதே கம்பனி, இரண்டே ஆண்டுகளில் தொழிலாளரின் இல்லத்தைச் சந்தையாகக் கண்டது. இதனைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. நடுத்தர வர்க்கத்தினரை மின்னொளி ஈர்க்கத் தொடங்கிய காலத்தில், வாயு மூலதனம் தனக்குப் புதிய நுகர்வோரைத் தேட வேண்டியிருந்தது.

நாணயமிடு மானியின் விளைவை ஒருமுகமாக மதிப்பிடுதல் தவறாகும். அது குடியிருப்போரை வழங்குவோருடன் நேரடியாக இணைத்தது. வீட்டுடைமையாளரின் தயவு அங்கே தேவைப்படவில்லை. கரியடுப்பை மூட்டும் உழைப்பிலிருந்து பெண்கள் ஓரளவு விடுபட்டனர். சூடான உணவு எளிதாயிற்று. மறுபுறத்தில், ஒரே வாயுவுக்கு வசதியுள்ளோரைவிட வறியோர் கூடுதலான விலை செலுத்தினர். துண்டிப்பின் முகமும் மாறியது. குழாயை அடைக்கக் கம்பனி ஊழியர் வரவேண்டியதில்லை; பணப்பையில் பென்னி இல்லாத இரவில் விளக்குத் தானே அணைந்தது. எவரும் எவரையும் குற்றஞ்சாட்ட இயலாத துண்டிப்பு அது. முற்கொடுப்பனவு மானிகளைப் பற்றி இன்று எழும் விவாதங்கள் யாவற்றிலும் இவ்விரு முகங்களையும் நாம் காணலாம்.

4

வாடகைத் தொகையை அரசு கட்டுப்படுத்தும் காலம் முதலாம் உலகப் போருடன் தொடங்கியது. போர்த்தளபாட உற்பத்தியால் மக்கள் பெருகிய கிளாஸ்கோ நகரில் வீட்டுடைமையாளர் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் முதலிய பெண்களின் முன்னணியில் 1915ஆம் ஆண்டு வாடகை மறுப்புப் போராட்டம் வெடித்தது. அவ்வாண்டு நவெம்பர் 17ஆம் திகதி நீதிமன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்தில் கப்பல் கட்டும் தொழிலாளரும் இணைந்து நின்றனர். டிசெம்பர் மாதத்திலேயே வாடகையைப் போர் தொடங்கிய காலத்து நிலையில் நிறுத்தும் சட்டம் நிறைவேறியது.

வாடகை நிறுத்தப்பட்டதும், வேறு வாயில் ஒன்று திறக்கக்கூடும் என்பது விரைவில் உணரப்பட்டது. தாம் அதுகாறும் ஏற்றுவந்த நீர்க்கட்டணத்தையோ வரியையோ குடியிருப்போரின் தலைமீது சுமத்தினால், வாடகைத் தொகை ஒரு பென்னியும் உயராமலே உடைமையாளரின் வருவாய் உயரும். 1920ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு விடையளித்தது. முன்னர் வீட்டுடைமையாளர் தாங்கிய எந்தச் சுமையையும் பொறுப்பையும் குடியிருப்பவர்மீது மாற்றுவது வாடகையை மாற்றுவதாகவே கொள்ளப்படும் என அது கூறியது. இவ்வொரு வாக்கியத்தின் முக்கியத்துவத்தை வரலாற்றாசிரியர் போதியளவு உணர்ந்திலர் என்றே நாம் கருதுகின்றோம். வாடகை என்பது தொகையன்று, உறவு என்பதை அது ஏற்றுக்கொண்டது.

5

மின்சாரம் பரவியதும் அப்பழைய பிரச்சினை புதிய வடிவில் மீண்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தேசிய மின்வலையமைப்பு உருவானது. 1948 ஏப்பிரல் முதலாந் திகதி மின்சாரத் தொழில் முழுவதும் தேசியமயமாகியது. ஆயின், பொது உடைமை வீட்டின் வாயிலோடு நின்றுவிட்டது. பெரிய பழைய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டபோது, மின்சார சபையின் வாடிக்கையாளராக வீட்டுடைமையாளர் ஒருவரே இருந்தார். ஒவ்வோர் அறையிலும் அவர் தமது சொந்த நாணயமிடு மானியைப் பொருத்தினார். ஒரு சிலிங்குக்கு எவ்வளவு மின்சாரம் என்பதை அம்மானியின் பற்சக்கரங்கள் தீர்மானித்தன. பற்சக்கரங்களை அமைக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. மக்களின் உடைமையான மின்சாரம் வாயிலைக் கடந்ததும் தனியாரின் சரக்காயிற்று.

1957ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், தாம் வழங்கும் மின்சாரத்தை மீள்விற்பனை செய்வோர் அறவிடக்கூடிய உச்ச விலையை நிர்ணயிக்க மின்சார சபைகளுக்கு அதிகாரமளித்தது. வாடகைக் கட்டுப்பாட்டைப் பெருமளவில் தளர்த்திய வாடகைச் சட்டமும் அதே 1957ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. ஒரு கையால் மானியைக் கட்டுப்படுத்திய அரசு மறு கையால் வாடகையை அவிழ்த்துவிட்டது. கட்டுப்பாட்டுக்குள் இருந்த குடியினர் வெளியேறினால் அதே அறையை விரும்பிய வாடகைக்கு விடலாம் என்ற நிலையில், அவர்களை வெளியேறச் செய்வதே ஆதாயமான தொழிலாயிற்று. நொட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் றக்மன் என்பவரின் பெயர் இத்தொழிலுக்கே ஆகுபெயராக மாறியது. வேறிடங்களில் அறை மறுக்கப்பட்ட மேற்கிந்தியக் குடியேறிகள் பலர் அவருடைய வீடுகளிலே அதிக வாடகைக்கு ஒண்டியிருந்தனர். 1965ஆம் ஆண்டு வெளியான மில்னர் ஹொலன்ட் குழுவின் அறிக்கை, இலண்டனில் வாடகைக்குடியினர் அனுபவித்த துன்புறுத்தல்களை விரிவாகப் பதிவு செய்தது.

அவ்வாண்டு வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு நியாயமாகத் தேவையான சேவைகளைக் குடியினரை வெளியேற்றும் நோக்குடன் தொடர்ந்து நிறுத்தி வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டம் அதனை மீள உறுதிப்படுத்தியது. விளக்கை அணைப்பதும் வெளியேற்றமே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள இத்தனை காலம் சென்றது. இவ்வரலாறு அத்துடன் முடியவில்லை. கட்டணம் செலுத்தாமைக்காக இல்லங்களின் நீரைத் துண்டிப்பது 1999ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் தடைசெய்யப்பட்டது. மின்சாரத்தையும் வாயுவையும் மீள்விற்கும் வீட்டுடைமையாளர் தாம் செலுத்திய விலைக்கு மேல் அறவிடலாகாது என்னும் விதி 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

6

இப்பாடங்கள் குடியேற்ற நாடுகளில் எவ்வாறு ஏற்கப்பட்டன? இந்தியாவில் வாடகைச் சட்டங்கள் இதனைத் தெளிவாகவே உணர்ந்திருந்தன. பம்பாயின் 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், குடியினர் அனுபவித்துவரும் இன்றியமையாத வழங்கலையோ சேவையையோ நியாயமான காரணமின்றி உடைமையாளர் துண்டிப்பதைத் தடைசெய்தது. பல குடும்பங்கள் ஒரு குழாயையும் ஒரு நடைபாதையையும் பகிர்ந்துகொண்ட சாள்களின் நகரில் இவ்விதி பிறந்தமை வியப்பன்று. சென்னையில் 1960ஆம் ஆண்டு கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் குடியினரின் வசதிகளில் உடைமையாளர் தலையிடுவதைத் தடுத்தது.

இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு, பிரித்தானியாவிற் போலவே, போரின் பிள்ளையாகும். 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இவற்றிலும் ஒருபடி மேற்சென்று, தனியொருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையையே வரையறுத்தது. முற்போக்கான நடவடிக்கைகள் இவை என்பதில் ஐயமில்லை. எனினும், கொழும்பின் முடுக்குகளிலும் தோட்டங்களிலும் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளருக்கும் நகரசுத்தித் தொழிலாளருக்கும் அன்றாடப் போராட்டம் வாடகைத் தொகையோடு மாத்திரம் நிற்கவில்லை. பொதுக்குழாயின் முன் நிரையாக வைக்கப்பட்ட வாளிகளும், வரிசையில் காத்திருந்த பெண்களின் நேரமும் எந்த வாடகைச் சிட்டையிலும் பதியப்படாத செலவுகளாகும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பல குடும்பங்கள் ஒரே மானியின் கீழ் வாழும் நிலை தனிச் சிக்கலொன்றை உண்டாக்கியுள்ளது. எமது நாட்டின் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் அமைந்தது. நுகரும் அலகுகள் கூடக்கூட ஓரலகின் விலையும் கூடும். குறைவாக நுகரும் வறியோருக்குச் சலுகை வழங்குவதே அதன் நோக்கம். ஆயின், உதாரணமாக, மாதம் 45 அலகுகள் மாத்திரம் பாவிக்கும் நான்கு குடும்பங்கள் ஒரே மானியைப் பகிர்ந்தால், அம்மானி 180 அலகுகளைக் காட்டும். தனித்தனியே மானி இருந்திருப்பின் கீழ் அடுக்கில் நின்றிருக்கும் நால்வரும், சேர்ந்து நிற்பதனால் மேல் அடுக்கின் விலையைச் செலுத்துகின்றனர். வறியோருக்காக வகுக்கப்பட்ட சலுகை, வறியோர் நெருங்கி வாழ்கின்றனர் என்ற ஒரே காரணத்தால் அவர்களைச் சென்றடையாது போகின்றது. இதனைத் தவிர்க்கத் தனி மானி பெறலாமே எனின், அதற்கு வீட்டின் மீதான உரிமையோ உடைமையாளரின் சம்மதமோ வேண்டும். சம்மதம் தருபவர் யார் என்ற பழைய வினாவிடமே நாம் திரும்பி வருகின்றோம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தபோது, வாடகை உயராத அறைகளிலும் வாழ்க்கைச் செலவு உயர்ந்தது.

7

இவ்வரலாற்றின் மிகக் கூர்மையான முரண்பாட்டை மலையகத்திலே காண்கின்றோம். 1918ஆம் ஆண்டு பொறியியலாளர் விமலசுரேந்திர இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றிய தமது ஆய்வுரையை முன்வைத்தார். 1950ஆம் ஆண்டு லக்ஷபான முதற்கட்டம் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் தேயிலை நாட்டின் பள்ளத்தாக்குகளில் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சிக் காலங்களில் அதன் வழிபாட்டிடங்கள் இன்றும் நீருக்குமேல் தலைகாட்டுகின்றன. அந்நீரின் வலு கம்பிகளின் வழியே கொழும்புக்குச் சென்றது. அக்கம்பிகள் கடந்துசென்ற மலைச்சரிவுகளில், தேயிலைத் தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த காலத்திலும், லயக் காம்பறாக்களில் நீண்டகாலம் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது.

இதனைத் தொலைவின் விளைவு என்று கூறுவதற்கில்லை. மின்சாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, இல்லாதிருந்தது உரிமையே. லயத்தில் வாழ்ந்தோர் வாடகை செலுத்தாமையால், வாடகைச் சட்டங்கள் கருத்திற்கொண்ட வாடகைக்குடியினர் என்னும் வகைக்குள் அவர்கள் அடங்கவில்லை; உடைமையாளராகவும் இருக்கவில்லை. வேலையுடன் பிணைக்கப்பட்ட குடியிருப்பு அது. தொழில் வழங்குபவரும் இருப்பிடம் வழங்குபவரும் ஒருவரேயாக, நீர்க்குழாயும் பாதையும் விளக்கும் அவருடைய முடிவுக்கே விடப்பட்டன. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகியபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், லயத்தின் மீதான உரித்து அதில் தலைமுறைகளாக வாழ்ந்தோருக்கு மாறவில்லை. பிற்காலத்தில் மின்சாரம் லயங்களைச் சென்றடைந்துள்ளமை வரவேற்கத்தக்கதே. ஆயினும், இருப்பிட உரித்து இல்லாதவிடத்து இணைப்பும் பிறர் சம்மதத்தில் தங்கியதாகவே இருக்கும். காணி உரிமைக்கான மலையக மக்களின் கோரிக்கையும், ஒளிக்கும் நீருக்குமான அவர்களது கோரிக்கையும் வெவ்வேறானவை அல்ல.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, நீர், வாயு, மின்சாரம் ஆகியவற்றின் வழங்கல் தொழில்நுட்பத்தால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை. நாணயமிடு மானி தோன்றுமுன்னரே வாயு இருந்தது; மின்சாரம் லயத்தை அடையுமுன்னரே லக்ஷபான இருந்தது. இடையில் நின்றது சொத்துடைமை உறவு. இரண்டாவது, வழங்குவோருக்கும் குடியிருப்போருக்கும் இடையே உடைமையாளர் இடைத்தரகராக நின்றவிடத்தெல்லாம் வழங்கல் இரண்டாவது வாடகையாகவும், வேண்டாதோரை வெளியேற்றும் கருவியாகவும் மாறக்கூடியதாயிற்று. மூன்றாவது, நேரடித் தொடர்பு தேவையான நிபந்தனையேயன்றிப் போதுமான நிபந்தனையன்று. கம்பனியுடன் நேரடியாக இணைந்த தென் இலண்டன் தொழிலாளர் உடைமையாளரிடமிருந்து விடுபட்டனர். வறுமைக்கு வறுமையே கூடுதல் விலை செலுத்தும் நிலையிலிருந்து விடுபடவில்லை.

ஆகவே, இன்று வாடகைக் குடியிருப்புப் பற்றிச் சிந்திப்போர் மூன்று விடயங்களை ஒருங்கே கோர வேண்டியவராகின்றனர். தனது பெயரில் மானி பெறுவதற்கான குடியிருப்பவரின் உரிமை உடைமையாளரின் சம்மதத்தில் தங்கியிருத்தலாகாது. பகிரப்படும் மானியின்கீழ் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டண அடுக்குகள் கணிக்கப்படல் வேண்டும். உடைமையாளர் மின்சாரத்தையோ நீரையோ மீள வழங்குமிடத்துத் தாம் செலுத்திய விலைக்கு மேல் அறவிடலாகாது. பற்றுச்சீட்டைக் காட்டும் கடப்பாடும் அவருக்கு உண்டு. இவை புதுமையான கோரிக்கைகளல்ல. 1887இலும் 1920இலும் 1965இலும் வேறொரு நாட்டின் வாடகைக்குடியினர் பகுதி பகுதியாகப் பெற்றவற்றின் தொடர்ச்சியே இவை.

எமது நாட்டைப் பொறுத்தவரை இவ்வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. கொழும்புத் தோட்டங்களின் பொதுக்குழாய்களும், லயங்களின் பீலிகளும், பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் தங்கும் அறைகளின் ஒற்றை மானிகளும் ஆவணக் காப்பகங்களில் எளிதிற் கிட்டும் சான்றுகளல்ல. வாழ்ந்தோரின் வாய்மொழியிலும், பழைய வாடகைச் சிட்டைகளிலும், வாடகைச் சபைகளின் முன் வந்த முறைப்பாடுகளிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, மக்களின் குடியிருப்பு வரலாற்றை அவர்களது விளக்கின் ஒளியிலேயே எழுதும் பணி எம்முன் உள்ளது.